திரும்பி வரும் தண்ணீர்

காப்பெற் என்ற சொல் எங்கள் பக்கத்துக்கு வீதியின் பெயராகத்தான் வந்தது. போர் முடிந்து ஏ9 வீதிக்குப் புதுத் தார் விரித்தபோது, "காப்பெற் றோட்டு போட்டாச்சு" என்று கிளிநொச்சி முழுக்கப் பேச்சு. வாகனத்துக்குள் காலடியில் கிடக்கும் விரிப்புக்கும் அதே பெயர்தான் என்பது, அதைக் கழுவித் தரச் சொல்லி ஆட்கள் வரத் தொடங்கிய பிறகே எனக்கு வாயில் பழகியது. ஏ9 கறுப்பாக மினுங்கினாலும், அதிலிருந்து இறங்கினால் கிரவல் றோட்டுத்தான். ஒட்டுசுட்டான் பக்கத்துச் செம்மண், முரசுமோட்டை வயற்சேறு, முல்லைத்தீவுக் கடற்கரை மணல் எல்லாம் ஆட்களின் காலோடு வாகனத்துக்குள் ஏறும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போகும் ஹயஸ் வான் அருமை. அங்கே வாங்கிய கச்சானின் கோது இல்லாத வானை இத்தனை வருசத்தில் நான் கண்டதில்லை.

அப்பா வாடகைக்குக் கார் ஓடியவர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. பெற்றோலைச் சின்னப் போத்தலில் சேமித்து வைத்து, அதில் கொஞ்சம் விட்டுக் காரைக் கிளப்பிப் பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். சவர்க்காரம் கிடையாது. அம்மா பனங்காயைப் பிசைந்து உடுப்புத் தோய்ப்பா. அந்தத் தண்ணீரில் மிஞ்சியதைக் கொண்டுதான் அப்பா எங்கள் மொறிஸ் மைனரின் சீற்றைத் துடைப்பார். றெக்சின் சீற், ஈரத்துணி பட்டால் ஊத்தை போகும். துடைத்து முடிந்ததும் கதவுகளை விரியத் திறந்து காரை வேப்பமர நிழலுக்கு வெளியே தள்ளிவிடுவார். "ஈரம் கிடக்கக் கதவைச் சாத்தாதை" என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடப் போவார். அந்தக் கார் 2009இல் முள்ளிவாய்க்காலில் நின்றுவிட்டது. நாங்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குப் போனோம்.

முகாமிலிருந்து திரும்பி, 2012இல் வீதியோரமாக வாகனம் கழுவும் இடமொன்றைத் தொடங்கினேன். ஒரு அமுக்கத் தண்ணீர் மெசின், ஒரு கொம்பிரசர், இரண்டு பையன்கள். வெளிப்பக்கத்தில் எங்களுக்குக் குறை சொல்ல ஆளில்லை. உள்பக்கத்துக்குத் தும்புப் பிரசும் வாளியில் ஷாம்புத் தண்ணியும்தான். தூசிக்குக் கொம்பிரசரால் எயார் அடிப்போம். கதவால் புழுதி புகைபோல வெளியே வரும். பார்த்துக்கொண்டு நிற்கும் வாகனக்காரருக்கும் அது நிறைவாக இருக்கும். ஆனால் வெளியே வந்ததைவிடப் பஞ்சுக்குள் போனதுதான் கூட. நூறு வருசத்துக்கு முன்னம் லண்டனில் ஒருவர் இதைக் கண்டுபிடித்திருக்கிறார். 1901இல் ஹியூபேர்ட் செசில் பூத் என்ற பொறியியலாளர், காற்றை ஊதித் தூசியைக் கிளப்பும் மெசின் ஒன்றைப் பார்த்துவிட்டு, ஊதுவதை விட்டு ஏன் உறிஞ்சக்கூடாது என்று யோசித்தார். ஒரு கதிரையின் மேல் கைலேஞ்சியை விரித்து வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். லேஞ்சியின் மறுபக்கத்தில் ஊத்தை ஒட்டியிருந்தது. வக்கியூம் கிளீனர் பிறந்த கதை அது. இதைப் படித்த அன்றே சீற்றுக்கு எயார் அடிப்பதை நிறுத்தினேன். இன்று வரை அடிக்க விடுவதில்லை.

2016இல் கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் பெட்டி போட்டபோது, பிள்ளைகளின் உடுப்புகளுக்கு நடுவே ஒரு எக்ஸ்ட்ராக்டரையும் வைத்து அனுப்பினார். தண்ணீரைத் தெளித்து அதே கையால் உறிஞ்சி எடுக்கும் மெசின். பையன்கள் அதற்கு "உறிஞ்சி" என்று பெயர் வைத்தார்கள். நான் வங்கிக்குப் போய்த் திரும்ப முன்னம் அவர்கள் அதைச் சுவரில் குத்தி ஆளியைத் தட்டிவிட்டார்கள். கனடா மின்சாரம் 120 வோல்ற், எங்களது 230. ஒரு கீச்சுச் சத்தமும் கருகல் மணமும்தான் மிச்சம். அண்ணன் அங்கே இரண்டு வேலை செய்து அனுப்பிய பொருள். அவருக்கு அன்றிரவு தொலைபேசி எடுக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று நாள் கழித்துச் சொன்னேன். "மெசின்தானே" என்றார். வெளிநாட்டு உறவுகள் அன்பாக அனுப்பும் மெசின்களை யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் பின்பக்கத் தகட்டில் வோல்ற் எத்தனை, வாற் எத்தனை என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். 1500 வாற் இழுக்கும் மெசினுக்கு அதைவிடப் பெரிய, நல்ல பாரமான ட்ரான்ஸ்போமர் வேண்டும். அதை வாங்கும் காசைக் கணக்குப் பார்த்தால், இங்கத்தைய மின்சாரத்துக்கே செய்த மெசினை வாங்கிவிடலாம்.

அப்படித்தான் கொழும்பில் ஒரு கடையில் சின்ன வீட்டு எக்ஸ்ட்ராக்டர் ஒன்றை வாங்கினேன். ஒன்றரை லீற்றர் கொள்ளும் தொட்டி. பிள்ளை பால் ஊற்றிய இடம், தேத்தண்ணிக் கறை, இப்படியான வேலைகளுக்கு அது நல்லதுதான். இரண்டு வருசம் அதை நம்பி இருந்தேன்.

2018 டிசெம்பர் 21 இரவு பெய்த மழையை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். விடியும்போது இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்திருந்தன. கண்டாவளை, முரசுமோட்டை, பரந்தன் பக்கமெல்லாம் வெள்ளம். முல்லைத்தீவிலும் அதே கதை. ஆட்கள் பள்ளிக்கூடங்களில் இருந்தார்கள். வாகனங்கள் முற்றத்தில் நின்றபடியே தாண்டன. வெள்ளம் வடிந்து மூன்றாம் நாள் கண்டாவளையிலிருந்து ஒரு அண்ணை தன் ஹயஸை உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். சீற்றின் இருக்கை மட்டத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு உள்பக்கத் தகரத்தில் தெரிந்தது. அந்த வானில் ஓடித்தான் அவரது வீட்டில் அடுப்பு எரிகிறது. தை மாதத்துக் கலியாணங்களுக்கு முன்பணம் வாங்கியிருந்தார்.

இயந்திரத்தை மெக்கானிக் பார்த்தார். உள்பக்கம் என் பொறுப்பு. சீற் முழுக்க ஷாம்பு அடித்து, பிரசால் தேய்த்து, தண்ணீர் தெளித்து, அந்தச் சின்ன மெசினால் இரண்டு நாள் உறிஞ்சினேன். ஒன்றரை லீற்றர் தொட்டியை எத்தனை தரம் நிரப்பினோம், எத்தனை தரம் ஊற்றினோம் என்பதற்குக் கணக்கில்லை. மூன்றாம் நாள் கையை வைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது. சீற்றின் பழைய நீல நிறம் வெளியே வந்திருந்தது. அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பத்து நாளில் திரும்பி வந்தார். கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பாரமாக இருந்தது.

"தம்பி, வெளியால பாத்தா ஒரு குறையும் இல்லை. கதவைத் திறந்தா குளத்தடி மாதிரி மணக்குது. நேற்றுப் பொம்பிளை வீட்டார் ஏறினவை, மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்தவை."

சீற்றில் நாங்கள் கழுவிய இடமெல்லாம் மஞ்சளாகக் கோடு விழுந்திருந்தது. அன்று எல்லாச் சீற்றையும் கழற்றினோம். காப்பெற்றை மூலையில் பிடித்துத் தூக்கினேன். அதன் கீழே சத்தத்தைக் குறைப்பதற்காக ஒரு தடித்த பஞ்சு விரிப்பு இருக்கும். அதைப் பிழிந்தால் தண்ணீர் ஒழுகியது. அந்தப் பஞ்சின் மேல், வயலிலிருந்து எப்போதோ ஏற்றிய மூட்டையில் சிந்திய நெல் முளைத்திருந்தது. வெளிச்சம் படாத வெள்ளை முளைகள், விரல் நீளத்துக்கு. பையன்கள் இருவரும் பேசாமல் நின்றார்கள். நான் காய்ந்துவிட்டது என்று கொடுத்த வான் அது.

என் பிழையை அந்த முளைகளைப் பார்த்தபோதுதான் முழுதாக விளங்கிக்கொண்டேன். நான் உள்ளே விட்ட தண்ணீரில் கால்வாசிகூட வெளியே வரவில்லை. மேல் துணி வெயிலில் காய்ந்தது; கீழே பஞ்சு ஊறியே கிடந்தது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, அடியில் கரைந்து கிடந்த ஊத்தை ஈரத்தோடு மேலே ஏறிவந்து, தண்ணீர் ஆவியாகத் தான் மட்டும் துணியில் தங்கிவிட்டது. மஞ்சள் கோடு அதுதான். அதிகமாகப் போட்ட ஷாம்புவும் கழுவுப்படாமல் துணியில் நின்று, புதுப் புழுதியைப் பிசின்போலப் பிடித்துவைத்தது.

விரிப்புகளைக் கம்பியில் விரித்துக் காயவைத்தோம். மாரிகாலம், வெயில் ஒரு மணித்தியாலம் நின்றால் மழை இரண்டு மணித்தியாலம். பஞ்சு விரிப்பைக் காப்பாற்ற முடியவில்லை, புதிதாக வெட்டிப் போட்டேன். தளத்தின் அடியில் தகரத்தில் உள்ள றப்பர் அடைப்புகளைக் கழற்றிவிட்டதும் அங்கே தேங்கி நின்ற தண்ணீர் நிலத்தில் ஊற்றியது. அண்ணையிடம் இரண்டாம் தரத்துக்குக் காசு வாங்கவில்லை. வாங்கும் உரிமை எனக்கு இல்லை.

பிறகு மெசின் தேடிய ஆறு மாதமும் எனக்குப் பள்ளிக்கூடம். கடைக்காரர்கள் முதலில் தண்ணீர் எவ்வளவு வேகமாகப் பாயும் என்றுதான் சொல்லுவார்கள். ஆட்களும் அதைத்தான் கேட்பார்கள். அமெரிக்காவில் செய்த சில மெசின்களின் பம்பு 100 பி.எஸ்.ஐ., எங்கள் கணக்கில் கிட்டத்தட்ட 7 பார், அதற்கு மேலும் தள்ளும். தடித்த வீட்டுக் கம்பளத்துக்கு அந்த வேகம் உதவும். வாகனத்துச் சீற்றில் துணியின் கீழே கைப்பிடி தடிப்பில் பஞ்சு இருக்கிறது. வேகமாகத் தள்ளினால் தண்ணீர் நேரே அடிக்குப் போய்ப் படுத்துவிடும். நான் தேடத் தொடங்கியது மற்ற எண்ணை: உறிஞ்சும் பலம். அதை மில்லிபார் என்று எழுதுவார்கள், சிலர் தண்ணீர் எத்தனை அங்குலம் ஏறும் என்று எழுதுவார்கள். 220 மில்லிபார் என்றால், ஒரு குழாயில் தண்ணீரை இரண்டு மீற்றருக்குச் சற்று மேலே இழுத்து நிறுத்தும் பலம். அது பஞ்சிலிருந்து நீரைப் பிரித்தெடுக்கும். அதோடு காற்றோட்டமும் வேண்டும். பிரிந்த நீரைக் குழாய் வழியே தொட்டி வரைக்கும் கொண்டுபோவது காற்றுத்தான். ஒன்று கூடி மற்றது குறைந்தால் வேலை நடவாது.

கடைசியில் வாங்கியது கேர்ச்சர் புட்சி 10/1. சுத்தத் தண்ணீருக்கு 10 லீற்றர், திரும்பி வரும் தண்ணீருக்கு 9 லீற்றர். பம்பு 1 பார்தான். நிமிடத்துக்கு ஒரு லீற்றர் மெதுவாகத் தெளிக்கும். உறிஞ்சுவது அந்த 220. முதல் நாள் பையன் ஒருவன், "அண்ணை, தண்ணி சீறுதே இல்லை" என்று முகம் வாடினான். நான் அவனைக் கைப்பிடியில் உள்ள கண்ணாடிபோன்ற வாயைப் பார்க்கச் சொன்னேன். ஊத்தைத் தண்ணீர் அதற்குள் ஓடுவது வெளியே தெரியும். ஒரு தரம் தண்ணீர் விட்டு இழுத்தால், இரண்டு தரம், மூன்று தரம் தண்ணீர் விடாமல் இழுக்கவேண்டும். அந்த வாயில் துளி தெரியாமல் போகும்வரை அடுத்த இடத்துக்கு நகரக்கூடாது. இந்த ஒரு பழக்கத்தைப் பையன்களுக்குள் ஏற்ற எனக்கு ஒரு மாதம் எடுத்தது. காய்ந்த இழுப்பில் வேலை நடப்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் கை தானாகவே அவசரப்படும்.

அதைவிட முந்திய ஒரு பழக்கமும் உண்டு: ஈரம் படுவதற்கு முன் காய்ந்த வக்கியூம். கிரவல் புழுதியில் தண்ணீர் பட்டால் அது சேறு. சேறாக்கிவிட்டு உறிஞ்சுவதில் பயனில்லை. ஒரு ஹயஸுக்கு அரை மணித்தியாலம் காய்ந்த வேலை, சீற்றின் தையல் இடுக்கில் பிரசால் தட்டித் தட்டி. கச்சான் கோது எக்ஸ்ட்ராக்டருக்குள் போனால் வடியில் அடைத்துக்கொள்ளும், மோட்டர் மூச்சுத்திணறும். கார்களென்றால் சீற்றைக் கழற்ற முன்னம் பற்றரியைக் கழற்றி வைக்கிறோம். சிலவற்றில் சீற்றுக்குள்ளேயே எயார்பாக் இருக்கும். அடியில் மஞ்சள் நிற வயர் இணைப்பைக் கண்டால் அதற்குக் கிட்டத் தண்ணீரும் போகக்கூடாது, கையும் போகக்கூடாது.

எங்கள் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த வேலையைப் பற்றிப் பாதிதான் சொன்னதாகும். என் வளவில் இருப்பது குழாய்க்கிணறு, சுண்ணாம்பு கூடின தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்பு, மெசினின் தெளிக்கும் வாயில் இறுகி நாலு மாதத்தில் விசிறிபோல விரியும் தெளிப்பைக் கோடாக்கிவிடும். கறுத்த சீற் காய்ந்தால் சாம்பல் பூத்ததுபோலத் தெரியும். அதனால் மாரியில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, கடைசி அலசலுக்கு மட்டும் அதைப் பாவிக்கிறேன். கோடையில் அது முடிந்தால் அலசும் தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி. அது சுண்ணாம்பையும் கரைக்கும், ஷாம்புவின் காரத்தையும் தணிக்கும். வாரத்துக்கு ஒரு தரம் தெளிக்கும் வாயைக் கழற்றி வினாகிரியில் ஊறவிடுவோம். கழிவுத் தொட்டியை அன்றன்று கழுவிக் கவிழ்க்கவேண்டும். எங்கள் வெக்கையில் ஒரு இரவு நின்ற தண்ணீர் விடிய மணக்கும். அந்த மெசினால் சுத்தம் செய்யும் வாகனமும் மணக்கும்.

சுடுதண்ணீர் எண்ணெய்க் கறைக்கு நல்லது. அதற்காகச் சூடாக்கும் கருவி பூட்டிய விலை கூடிய மெசின் வேண்டுமென்று நான் நினைக்கவில்லை. கறுப்புப் பரலில் தண்ணீர் நிரப்பிப் பங்குனி வெயிலில் வைத்தால் மத்தியானத்துக்குள் கை வைக்கமுடியாது. கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்து 50 பாகைக்குள் கொண்டுவருவோம். ஆனால் இரத்தம், பால், சத்தி என்றால் பச்சைத் தண்ணீர்தான் முதலில். சூடு பட்டால் இரத்தம் துணியோடு அவிந்து ஒட்டிக்கொள்ளும். இதை நான் சும்மா சொல்லவில்லை. இங்கே வாடகை வான்கள்தான் பல நேரம் அம்புலன்ஸ். பிள்ளைப்பேறுக்கும் விபத்துக்கும் இரவில் யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ ஓடுவது அவைதான். விடிய முன்னம் வந்து நிற்கும் வானில் அந்தச் சீற்றைப் பார்த்தால் ஆள் பிழைத்ததா என்று கேட்க வாய் வராது. சாரதி தானாகச் சொன்னால் உண்டு. பின்னேரம் அதே வானுக்குக் கோயில் பயணம் இருக்கும். அந்த வேலையை நான் பையன்களிடம் விடுவதில்லை. ஈரத்துணியால் ஒற்றி, பச்சைத் தண்ணீரால் நனைத்து, உறிஞ்சி, திரும்ப நனைத்து, வரும் தண்ணீர் தெளியும்வரை நானே இருந்து எடுப்பேன்.

ஒன்பது லீற்றர் தொட்டியைத் தூக்கி ஊற்றும்போது வாகனம் எங்கே ஓடியதென்று இப்போது சொல்லிவிடுவேன். மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் என்றால் செங்கல் கரைத்ததுபோல வரும். வயல்காரரின் வாகனம் சாம்பல் கறுப்பு, உமி மிதக்கும். முல்லைத்தீவில் மீன் ஏற்றிய வாகனத்தில் நிறம் குறைவு. மணல் அடியில் தங்கும், மணம் முன்னுக்கு வரும். வற்றாப்பளை அம்மன் பொங்கல் முடிந்த வைகாசியில் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் தண்ணீரில் மஞ்சளும் குங்குமமும் இருக்கும்.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் காசு நெருக்கடி. பெற்றோலுக்கு வரிசை, ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு. கறண்ட் வரும் நேரம் பார்த்து நடுச்சாமத்தில் சீற் உறிஞ்சியிருக்கிறோம். இறக்குமதி திரும்பத் திறந்தது 2025இல்தான். இடைப்பட்ட அந்த ஐந்து வருசமும், மாற்றலாம் என்று நினைத்திருந்த வாகனத்தோடுதான் எல்லாரும் இருந்தார்கள். பத்து வருசம், பதினைந்து வருசம் பழகிய ஜப்பான் கார்களின் இளமஞ்சள் சீற்றுகள் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டன. முன்பு விற்பதற்கு முந்தின நாள் கழுவக் கொண்டுவந்தவர்கள், இப்போது வைத்திருப்பதற்காகக் கொண்டுவந்தார்கள். வேலை கூடியது. துணி நைந்துபோன சீற்றில் பிரசைத் தொடாமல் வேலை செய்யப் பழகினோம்.

கண்டாவளை அண்ணையும் வானை மாற்றவில்லை. வருசா வருசம் வற்றாப்பளைப் பயணங்கள் தொடங்குவதற்கு ஒரு கிழமைக்கு முன்னம் கொண்டுவந்து விடுவார். நான் வேலை முடித்து ஒரு பகலும் ஒரு இரவும் கதவுகளைத் திறந்து வைத்திருப்பேன். மறுநாள் மத்தியானம், வெயில் உச்சியில் நிற்கும்போது, எல்லாக் கதவையும் கண்ணாடியையும் சாத்திவிட்டு அரை மணித்தியாலம் விடுவோம். உள்ளே ஈரம் இருந்தால் அந்தச் சூட்டில் மணம் எழும்பாமல் இருக்காது. இதை அவருக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை. 2019இல் தானாகவே கேட்டார்.

இந்த வைகாசியிலும் வந்து, பின் சீற்றில் ஏறி, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். நான் வெளியே நின்றேன். கண்ணாடிக்குள்ளால் அவர் கண்ணை மூடி இருப்பது தெரிந்தது. நெற்றியால் வேர்வை ஓடியது. நன்றாக நேரம் எடுத்தார். பிறகு கதவைத் திறந்து, காலை வெளியே போடாமலே சொன்னார்:

"தம்பி, முன் சீற்றுக்குக் கீழ ஒருக்காப் பாரும். கச்சான் மணக்குது."

நான் குனிந்து கையை விட்டேன். சீற் ஓடும் தண்டவாளத்தின் இடுக்கில் இரண்டு கோது இருந்தது.